'ஓடிபி வந்துச்சா அக்கா?' - தடுப்பூசிக்கு நம்மை அழைப்பது யார்? கோவின் முதல் யூ-வின் வரை… பாலக்கோட்டில் இருந்து ஒரு விளக்கம்

2021 மே மாதம். ஊரடங்கு நேரம். காலேஜ் மூடிட்டதால தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துல இருக்குற எங்க வீட்டுலதான் இருந்தேன். தெருவுல ஸ்மார்ட்போனும் ஓரளவு சிக்னலும் இருந்த சில பேர்ல நானும் ஒருத்தன். அதனால எங்க வீட்டுத் திண்ணை தடுப்பூசி பதிவு ஆபீசாகவே மாறிடுச்சு.

ஒரு மொபைல் எண்ணில் 4 பேரை மட்டுமே பதிவு செய்ய முடியும் என்பது அப்போதைய விதி. நான், அக்கா, சித்தப்பா, சித்தி என்று என் எண் நிரம்பிவிட்டது. ஐந்தாவதாக வந்தவர் எதிர் வீட்டு அக்கா. தக்காளி பறிக்கும் கூலி வேலை, கையில் பட்டன் போன். "உங்க நம்பர்லயே போடலாம்க்கா. மெசேஜ்ல ஆறு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் தோட்டத்தில், நான் வீட்டில். ஓடிபி 3 நிமிடம்தான் செல்லும். போனைக் காதில் வைத்தால் அவரால் மெசேஜைப் பார்க்க முடியாது. மெசேஜைப் பார்த்தால் என் குரல் கேட்காது. "ஓடிபி வந்துச்சா அக்கா?" "ஏதோ வந்திருக்கு தம்பி, இங்கிலீஷ்ல இருக்கு." அதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்றாவது முறைதான் பதிவு முடிந்தது. ஆனால், பாலக்கோட்டின் பின்கோடான 636808-ஐ தட்டித் தேடும்போதெல்லாம் நான் பார்த்த நேரத்தில் ஒரு இடம்கூட காலியாக இல்லை.

இது ஏதோ முடிந்துபோன கொரோனா கதை என்று கடந்துபோக முடியாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான தடுப்பூசிகளும் இப்போது 'யூ-வின்' என்ற இணையதளத்துக்கு மாறியிருக்கின்றன. பதிவு, தேதி, நினைவூட்டல், சான்றிதழ் எல்லாமே இனி போனில்தான். அப்படியென்றால் கோவின் காலத்தில் என்ன நடந்தது? யார் உள்ளே வந்தார்கள், யார் விடுபட்டார்கள்? அடுத்த முறை யாரும் விடுபடாமல் இருக்க என்ன வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் போட்ட திட்டம் என்ன?

இந்தியாவில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16-ம் தேதி தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள். பிப்ரவரி 2 முதல் முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களும், இணை நோய் உள்ள 45 முதல் 59 வயதுக்காரர்களும். ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த அனைவரும்.

மருத்துவப் பணியாளர்கள் விஷயத்தில் சிக்கல் குறைவு. அவர்களின் பட்டியல் ஏற்கெனவே அரசிடம் இருந்தது. எங்கே, எப்போது வர வேண்டும் என்பது எஸ்எம்எஸ்ஸாக வந்தது. பொதுமக்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் தயாரிக்கும் யோசனை இருக்கத்தான் செய்தது. 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், 50 வயதைக் கடந்தவர்களை அடையாளம் காண வாக்காளர் பட்டியலைப் பயன்படுத்தலாம் என்று சொல்லப்பட்டிருந்தது.

ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? பொதுமக்களின் முறை வந்தபோது, அழைக்க வேண்டிய பொறுப்பு அரசிடம் இருந்து மக்களிடம் கைமாறிவிட்டது. 'நாங்கள் கூப்பிடுகிறோம், வாருங்கள்' என்பது போய், 'நீங்களே பதிவு செய்து, நீங்களே தேதி பிடித்து வாருங்கள்' என்றானது.

பிரிட்டனில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அங்கே பெரும்பாலான மக்கள் ஏதாவது ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருப்பார்கள். அந்தப் பதிவேட்டை வைத்து, வயது வாரியாக வீட்டுக்குக் கடிதம் போனது, போனுக்கு மெசேஜ் போனது. இணையத்தில் பதிய முடியாதவர்கள் 119 என்ற எண்ணுக்கு போன் செய்து தேதி வாங்கிக்கொண்டார்கள். அங்கேயும் குறைகள் இருந்தன. ஆனால் முதல் அடியை எடுத்து வைத்தது மருத்துவத் துறை. நம்மிடம் பெரியவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

2021 ஏப்ரல் 28, மாலை 4 மணி: நடந்தது என்ன?

மே 1 முதல் 18-44 வயதினருக்கும் தடுப்பூசி என்று அறிவிக்கப்பட்டது. இந்த வயதினருக்கு மட்டும் ஒரு கட்டாயம்: கோவின் தளத்திலோ, ஆரோக்கிய சேது செயலியிலோ முன்பதிவு செய்தே ஆக வேண்டும். 45 வயதைக் கடந்தவர்கள் அடையாள அட்டையோடு நேரில் போய்ப் பதிந்துகொள்ள வழி இருந்தது. இளையவர்களுக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது.

ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குப் பதிவு தொடங்கியதும் தளம் திணறியது. பலருக்கு ஓடிபியே வரவில்லை. அப்படியும் அன்று ஒரே நாளில் பதிவு செய்தவர்கள் 1.3 கோடிக்கும் அதிகம். இவ்வளவு பேர் பதிந்தார்கள், சரி. ஆனால் பதிவு வேறு, தேதி கிடைப்பது வேறு என்பதே பலருக்கும் அன்றுதான் தெரிந்தது.

பதிவு முதல் ஊசி வரை எத்தனை படிகள்?

படிக்கச் சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் ஒருமுறை எண்ணிப் பாருங்க.

- மொபைல் எண்ணைக் கொடுக்கணும், 3 நிமிடத்துக்குள் ஓடிபியைப் போடணும்.
- அடையாள அட்டை வகை, எண், பெயர், பிறந்த ஆண்டு கொடுக்கணும்.
- பின்கோடு அல்லது மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து இடம் தேடணும்.
- இடம் இருந்தால் நேரத்தைத் தேர்வு செய்து, படத்தில் உள்ள கோணல்மாணல் எழுத்துகளை அப்படியே தட்டச்சு செய்யணும்.
- மே 8-க்குப் பிறகு வந்த 4 இலக்க ரகசிய எண்ணைக் குறித்துவைத்து மையத்தில் சொல்லணும்.

இடையில் கொஞ்சம் தாமதித்தால் தளம் தானாக வெளியே தள்ளிவிடும். மறுபடியும் ஓடிபியில் இருந்து ஆரம்பிக்கணும்.

அதுவும் எந்த மொழியில்? தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான். ஜூன் முதல் வாரத்தில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டன. அப்போது முதலில் வந்த பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தமிழும் வந்தது.

இப்போது இதைத் தருமபுரி மாவட்டத்தோடு பொருத்திப் பாருங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு விகிதம் குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலத்தின் விகிதம் சுமார் 80 சதவீதம், தருமபுரியில் 68.5 சதவீதம். மாவட்ட மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமங்களில் இருப்பவர்கள். பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி, கரும்பு, மாம்பழம் என்று விவசாயத்தை நம்பித்தான் பிழைப்பு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்களும் நிறைய. காலை வெயில் ஏறும் முன் தோட்டத்தில் இருக்க வேண்டிய ஒருவர், போனைக் கையில் வைத்துக்கொண்டு இடம் காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா?

அப்போ இடம் பிடித்தவர்கள் யார்?

இணையத்தில் வேகமாக இருந்தவர்கள். எங்கே காலியிடம் இருக்கிறது என்று தேடிச் சொல்வதற்கென்றே 'அண்டர்45' போன்ற இணையதளங்களும், டெலிகிராம் குழுக்களும் வந்தன. போனில் 'டிங்' என்று சத்தம் வந்த சில நொடிகளில் இடங்கள் நிரம்பின. அந்தத் தளங்களை உருவாக்கியவர்கள் உதவி செய்யும் எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அந்த உதவி, ஏற்கெனவே ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு விஷயமும் நடந்தது. யார் வேண்டுமானாலும் எந்தப் பின்கோடிலும் இடம் பிடிக்கலாம் என்பதால், பல மாநிலங்களில் நகரத்துக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு கிராமத்து மையங்களுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்தக் கிராமத்தில் இருப்பவருக்கோ மையம் திறந்திருப்பதே தெரியாது. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் பக்கத்திலேயே இருப்பவருக்கு இல்லாமல், தூரத்தில் இருந்து வருபவருக்குக் கிடைத்தது.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், 2021 மே 31 தேதியிட்ட உத்தரவில், நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு டிஜிட்டல் இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின் கணக்கு அதில் எடுத்துக்காட்டப்பட்டது: கிராமப்புற வீடுகளில் சுமார் 4 சதவீதத்திலும், நகர்ப்புற வீடுகளில் சுமார் 23 சதவீதத்திலும் மட்டுமே கணினி இருந்தது. இணைய வசதி இருந்த வீடுகள் நாட்டில் சுமார் 24 சதவீதம்தான். இணையப் பதிவை மட்டும் நம்பினால் விளிம்புநிலை மக்கள் விடுபடுவார்கள் என்ற கவலையை நீதிமன்றம் பதிவு செய்தது.

தேதி கிடைத்தும் ஊசி கிடைக்காதது ஏன்?

மூன்று காரணங்கள்.

முதல் காரணம், தட்டுப்பாடு. இதை மறைக்க வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் தேவைக்கு ஏற்ற தடுப்பூசி கையிருப்பில் இல்லை. மே 1-ம் தேதி என்று சொல்லப்பட்டாலும், தமிழ்நாட்டில் 18-44 வயதினருக்கான திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மே 20-ம் தேதி திருப்பூரில்தான் தொடங்கி வைத்தார். எவ்வளவு நல்ல இணையதளமாக இருந்தாலும், இல்லாத ஊசியை அது கொடுக்காது.

இரண்டாவது காரணம், நாள் கணக்கு மாறியது. கோவிஷீல்டு இரண்டாவது டோஸுக்கு முதலில் 4 வாரம் இடைவெளி. மார்ச் 22-ம் தேதி அது 6 முதல் 8 வாரமானது. மே 13-ம் தேதி 12 முதல் 16 வாரமானது. ஏற்கெனவே தேதி பிடித்தவர்களுக்கு அந்தத் தேதி செல்லும் என்று மத்திய அரசு பிறகு விளக்கம் தந்தது. ஆனால் அந்த விளக்கம் வந்து சேரும் முன்பே பலர் மையத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். கோவாக்சின் போட்டவர்களுக்கோ அதே 4 வாரம்தான். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு என்றால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

மூன்றாவது காரணம், இரண்டு வரிசைகள். ஒரு வரிசை போனில், இன்னொரு வரிசை மைய வாசலில். பல இடங்களில் விடியற்காலையில் வந்து டோக்கன் வாங்கியவர்களுக்கே ஊசி தீர்ந்துபோனது. போனில் நேரம் பார்த்து 11 மணிக்கு வந்தவர் கையில் மெசேஜ் இருந்தது, மையத்தில் மருந்து இல்லை. எங்க சித்தப்பாவுக்கே இது நடந்தது. "மெசேஜ் வந்திருக்குங்க" என்று போனைக் காட்டினார். "டோக்கன் இருக்கா?" என்று கேட்டார்கள். அன்றைய கூலியும் போய், பஸ்ஸும் இல்லாமல் நடந்து திரும்பினார். அதற்குப் பிறகு அவரை மறுபடி கிளப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒருமுறை ஏமாந்து திரும்பினால், அடுத்த முறை கூப்பிடும்போது அந்த அழைப்புக்கு மதிப்பு குறைந்துவிடும்.

பயம் எங்கே இருந்து வந்தது?

அழைப்பு வந்தும் போகாதவர்கள் இருந்தார்கள். 2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பால் காலமானார். அவரது மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து சொன்னது. ஆனால் அது வெளியே தெரியவே அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் தெருவில் பேசியது வாட்ஸ்அப்தான்.

இது புதிதும் இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்தபோதும் இதேபோல வாட்ஸ்அப் வதந்தி கிளம்பி, பெற்றோர் தயங்கி, முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டி வந்தது. மெசேஜில் தேதியும் நேரமும் வரும். ஆனா "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று மெசேஜிடம் திருப்பிக் கேட்க முடியாது. அதைக் கேட்க முகம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

எப்போது நிலைமை மாறியது?

மே 24-ம் தேதி, அரசு மையங்களில் 18-44 வயதினரும் நேரில் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதி கொடுத்தது. எந்த அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்கு ஊசி போடுவதற்கான தனி நடைமுறையும் வந்தது. ஜூன் 21 முதல் 18 வயதைக் கடந்த அனைவருக்கும் அரசு மையங்களில் இலவசம், முன்பதிவு கட்டாயமில்லை என்றானது. வரத்தும் மெல்ல மெல்லக் கூடியது.

தமிழ்நாட்டில் பெரிய திருப்பம் செப்டம்பர் 12-ம் தேதி நடந்த முதல் மெகா தடுப்பூசி முகாம். 40 ஆயிரம் இடங்கள். 20 லட்சம் பேருக்குப் போட இலக்கு வைத்தார்கள். அன்று போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் அதிகம்! பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பஸ் ஸ்டாண்ட் என்று ஊசி மக்கள் இருக்கும் இடத்துக்கே வந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. ஆரம்பத்தில் முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஆனால் ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, மது குடிக்கக் கூடாது என்ற நம்பிக்கையில் சிலர் ஞாயிறு வரத் தயங்கினார்கள். அதனால் அக்டோபர் 23-ம் தேதி ஆறாவது முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். 'அது மூடநம்பிக்கை' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கிழமையை மாற்றினால் வருவார்கள் என்றால் மாற்றுவதில் என்ன நஷ்டம் என்று யோசித்தார்கள். மக்களின் வாழ்க்கைக்கு ஏற்ப அழைப்பை மாற்றியதற்கு இது நல்ல உதாரணம்.

எதிர் வீட்டு அக்காவுக்கும் அந்த மெகா முகாமில்தான் ஊசி போட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் நர்சம்மா வாசலில் நின்று, "நாளைக்கு ஸ்கூல்ல ஊசி போடறோம். காலையிலயே வந்துட்டு வேலைக்குப் போயிடு, என்ன?" என்றார். அக்கா போனார், போட்டுக்கொண்டார், வேலைக்கும் போனார். மே மாதம் முழுக்க என் போனால் முடியாதது ஒரே வாக்கியத்தில் முடிந்தது. செப்டம்பரில் மருந்து தாராளமாக இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் மருந்து இருந்தும், அந்த வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் அவர் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

புதன்கிழமை நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன?

பெரியவர்களுக்குப் பதிவேடு இல்லை என்றோம். குழந்தைகளுக்கு உண்டு! தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் 'பிக்மி' தளத்தில் பதிவு செய்து 12 இலக்க ஆர்சிஎச் எண் தரப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்கப்படுகிறது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை மாதக் குழந்தை இருக்கிறது என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதி என்றால் சுமார் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு.

புதன்கிழமை என்றால் ஊசி நாள். கிராமத்தில் இது காலண்டர் பார்க்காமலே தெரியும். முன்பதிவு இல்லை, ஓடிபி இல்லை. வராத குழந்தையின் வீட்டுக்கு அங்கன்வாடியில் இருந்தோ செவிலியரிடம் இருந்தோ ஆள் வரும்.

பலன்? தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் சுமார் 70 சதவீதம். 2019-21-ல் அது சுமார் 89 சதவீதம். அதே காலத்தில் இந்திய சராசரி சுமார் 76 சதவீதம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தெரிந்த இடம், தெரிந்த கிழமை, தெரிந்த முகம் ஆகிய மூன்றும் அதில் முக்கியமானவை.

'அழைத்தால் வருவார்கள்' என்பதற்கு ஆதாரம் இருக்கா?

இருக்கு. நினைவூட்டல் பற்றி 10 நாடுகளில் நடந்த 75 ஆய்வுகளை அலசிய காக்ரேன் ஆய்வறிக்கை 2018-ல் வந்தது. போன், கடிதம், மெசேஜ் என ஏதாவது ஒரு வகையில் நினைவூட்டினால் தடுப்பூசி போடுவோர் விகிதம் சராசரியாக 8 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது என்றது அது.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் நடத்திய ஆய்வு இன்னொன்று. வழக்கமான நிலையில் விட்ட கிராமங்களில் முழுத் தடுப்பூசி 6 சதவீதம். தவறாமல் நடக்கும் முகாம் வைத்த கிராமங்களில் 18 சதவீதம். முகாமோடு பருப்பும் தட்டும் பரிசாகக் கொடுத்த கிராமங்களில் 39 சதவீதம். அதாவது, 'சொன்ன நாளில் சொன்ன இடத்தில் ஊசி கண்டிப்பாக இருக்கும்' என்ற நம்பிக்கை மட்டுமே எண்ணிக்கையை மூன்று மடங்காக்கியது.

இதே குழுவினர் ஹரியானாவில் வேறொன்றைச் சோதித்தார்கள். 'யாரிடம் சொன்னால் செய்தி ஊர் முழுக்கப் பரவும்?' என்று கிராமத்தாரிடமே கேட்டு, அவர்கள் சொன்ன ஆட்கள் மூலம் முகாம் தகவலைப் பரப்பினார்கள். அதோடு எஸ்எம்எஸ் நினைவூட்டலும் அனுப்பினார்கள். செலவு குறைவு, பலன் நன்றாக இருந்தது. நம்ம ஊரிலும் அப்படி ஒரு அத்தை எல்லாத் தெருவிலும் உண்டுதானே?

யூ-வின் என்றால் என்ன?

கோவினின் அனுபவத்தில் உருவான தளம்தான் யூ-வின். 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கி, 2024 அக்டோபர் 29-ம் தேதி பிரதமர் மோடி முறைப்படி தொடங்கி வைத்தார். கர்ப்பிணிகள், பிறந்த குழந்தை முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் ஆகியோருக்கான தடுப்பூசிகள் இதில் பதிவாகின்றன.

இதில் நன்மைகள் நிறையவே இருக்கின்றன.

- நாமே பதியலாம். முடியாதவர்களுக்கு சுகாதாரப் பணியாளரே பதிந்து தருவார்.
- எந்த ஊரில் முதல் டோஸ் போட்டாலும், அடுத்ததை வேறு ஊரில் போடலாம்.
- அடுத்த தேதி பற்றி 11 மாநில மொழிகளில் எஸ்எம்எஸ் வரும்.
- கியூஆர் குறியீட்டுடன் சான்றிதழ் கிடைக்கும். அட்டை தொலைந்துவிட்டதே என்ற கவலை இல்லை.

பாலக்கோடு போன்ற ஊருக்கு இதில் இரண்டாவது வசதி ரொம்பப் பெரிய விஷயம். கட்டட வேலை, கம்பெனி வேலை என்று பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகிற குடும்பங்கள் இங்கே அதிகம். பிரசவம் தாய்வீட்டில், ஆறாவது வாரம் ஊசி இங்கே, பத்தாவது வாரம் பெங்களூரு, பதினாலாவது வாரம் எங்கே? இங்கே இருக்கும் செவிலியரின் பதிவேட்டில் அந்தக் குழந்தை 'ஊரில் இல்லை'. அங்கே இருக்கும் செவிலியருக்கு அப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. இடையில் விடுபடுவது இப்படித்தான். இரண்டு மாநிலமும் ஒரே தளத்தைப் பார்த்தால் இந்த ஓட்டையை அடைக்கலாம்.

ஆபத்து எங்கே? எஸ்எம்எஸ் அனுப்பியாச்சு, இனி வருவது அவர்கள் பொறுப்பு என்று நினைக்க ஆரம்பித்தால் அங்கேதான். ரீசார்ஜ் செய்யாமல் எண் மாறிவிடலாம். போன் கணவரிடம் இருக்கலாம், அவர் வேறு ஊரில் இருக்கலாம். விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில் அது புதைந்துபோகலாம். மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று தளத்துக்குத் தெரியும். அது ஒரு அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் நர்சம்மாதான் வாசலுக்கு வரணும்.

வேலை கூடிக்கொண்டே போகிறது என்பதையும் கவனிக்கணும். 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் படிப்படியாகப் போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இது புது ஊசி, பெண் பிள்ளைகளுக்கான ஊசி. 'எதுக்கு?' என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வரும். அதற்கு மெசேஜ் மட்டும் பதில் சொல்லிவிடாது.

நீங்க என்ன செய்யணும்? கேள்வி - பதில்

தேதி தவறிடுச்சு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?
வேண்டாம். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். சில ஊசிகளுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. உதாரணமாக, பிசிஜி ஒரு வயதுக்குள், தட்டம்மை-ரூபெல்லா 5 வயதுக்குள். அதனால் 'திட்டுவாங்களோ' என்று தள்ளிப்போடாமல் அடுத்த புதன்கிழமையே போய்க் கேளுங்க.

வேறு ஊருக்குப் போறோம். என்ன எடுத்துட்டுப் போகணும்?
தாய்-சேய் நல அட்டை, ஆர்சிஎச் எண், பதிவு செய்த மொபைல் எண். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வைங்க. தேசிய அட்டவணை ஒன்றுதான் என்பதால் கர்நாடகாவிலும் அரசு மையத்தில் இலவசமாகத் தொடரலாம்.

மொபைல் எண் மாறிடுச்சு?
அடுத்த முறை போகும்போது செவிலியரிடம் சொல்லி மாற்றுங்க. பெரும்பாலும் நினைவூட்டல் வராமல் போவது இதனால்தான். முடிந்தால் குழந்தையோடு இருப்பவரின் எண்ணையே கொடுங்க.

ஆதார் இல்லைன்னா ஊசி போட மாட்டாங்களா?
கொரோனா தடுப்பூசி விஷயத்திலேயே ஆதார் கட்டாயமில்லை என்று மத்திய அரசு சொல்ல, அதை 2022 பிப்ரவரி 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. ஆதார் இல்லை என்பதற்காகக் குழந்தையை வீட்டிலேயே வைத்துவிடாதீங்க.

ஊசி போட்டதும் உடனே கிளம்பலாமா?
அரை மணி நேரம் மையத்திலேயே இருங்க. லேசான காய்ச்சல், வீக்கம் வரலாம். சந்தேகம் இருந்தால் செவிலியரிடமோ, 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ கேளுங்க.

எனக்கு எல்லாம் தெரியும், நான் என்ன செய்ய?
உங்க தெருவில் யாருக்கு மெசேஜ் படிக்கத் தெரியாதோ, அவங்க வீட்டில் கைக்குழந்தை இருக்கான்னு பாருங்க. "அடுத்த ஊசி எப்போன்னு பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.

எதிர் வீட்டு அக்காவின் மகளுக்குப் போன வருஷம் குழந்தை பிறந்தது. இப்போதும் ஊசிக்கான மெசேஜ் வந்தால் போனை எடுத்துக்கொண்டு எங்க வீட்டுக்குத்தான் வருகிறார். நான் சென்னையில் இருப்பதால் அம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொல்கிறார். அம்மா படித்து முடித்ததும் அக்கா கேட்பது ஒன்றுதானாம்: "புதன்கெழமைதானே?"